எழும்பூர் மணலும் நம் பிள்ளைகளும்



சென்ற மாதம் நம் சபைக் கமிட்டியில் ஒரு பொருள் விவாதத்துக்கு வந்தது. ஓய்வுநாள் பாடசாலைக்குப் பெரிய தொடுதிரைப் பலகை ஒன்றை வாங்கித் தர, வெளிநாட்டில் வேலை செய்யும் நம் சபைப் பிள்ளைகள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். வேண்டும் என்றனர் சிலர். பிள்ளைகள் வீட்டில் பார்க்கிற திரை போதாதா என்றனர் வேறு சிலர். விலை, மின்சாரம், பழுது, பூட்டு, சாவி என ஒரு மணி நேரம் பேசினோம். கூட்டம் கலையும் தறுவாயில், பல ஆண்டுகளாகப் பாலர் வகுப்பை நடத்திவரும் டீச்சர் ஒருவர் எழுந்தார். "திரை வரட்டும் ஐயா. முன்னால் வந்து அதைத் தொட்டுப் பார்க்க எந்தப் பிள்ளையை முதலில் கூப்பிடப் போகிறோம்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, ஜெபம் செய்து கூட்டத்தை முடித்துவிட்டேன்.

ஆசிரியர் தின வாரத்தில் அந்தக் கேள்வியையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். அது புதிய கேள்வி அன்று. நம் திருச்சபை இந்த மண்ணில் பள்ளிக்கூடம் வைத்த நாளிலிருந்து, அதற்கும் முன்பிருந்தே, தொடர்ந்து வருகிற கேள்வி. வகுப்பறைக்குள் ஒரு புதிய கருவி நுழையும்போதெல்லாம், அதனால் என்ன நடந்தது என்பதைக் கருவியைவிட அதைக் கையில் எடுத்த ஆசிரியரின் மனமே அதிகமாகத் தீர்மானித்திருக்கிறது. இதற்கு நான் அறிந்த சான்றுகளில் மிகத் தெளிவானது நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. அது ஒரு கைப்பிடி மணலில் தொடங்குகிறது.

நம் பாட்டன்மாருக்கும் அவர்களுடைய பாட்டன்மாருக்கும் எழுத்து மணலில்தான் அறிமுகமாயிற்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தரையில் மணலைப் பரப்பி, ஆசான் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிப்பார். எழுத்தைப் பிள்ளை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். கண்ணும் காதும் வாயும் விரலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். தவறினால் உள்ளங்கையால் ஒரு தடவல். மணல் மறுபடியும் வெறுமையாகிவிடும். கை பழகிய பின்னரே பனையோலையும் எழுத்தாணியும். ஓலையில் கீறியதை அழிக்க முடியாதாகையால் அது தேறியவர்களுக்கு உரியது. ஆசான் ஒருவரே, பிள்ளைகளோ பலர். ஆகவே மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குப் பாடம் சொல்வான். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். பல தலைமுறைகள் பயன்படுத்தித் தேய்த்துச் செம்மையாக்கிய கருவி அது.

அந்தத் திண்ணையை நான் பொன்னுலகமாகக் காட்ட விரும்பவில்லை. அங்கே பிரம்பு இருந்தது. கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தது. உத்தரத்திலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளை அந்தரத்தில் தொங்க வேண்டும், கீழே பிரம்போடு ஒருவர் நிற்பார். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் அக்காலப் பள்ளிப் படிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார், வாய்ப்புள்ளவர்கள் வாசிக்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றைய தெற்குத் திருவிதாங்கூரில், அதாவது நம் குமரி மாவட்டம் அடங்கிய பகுதியில், அடிமைகளாக வாங்கி விற்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை இல்லை. மணல் எல்லாருடைய காலடியிலும் கிடந்தது. அதில் எழுதச் சொல்லித் தர ஆசான் இல்லை.

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்ற விதம் நம்மில் பலருக்குத் தெரியும். திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்துக்கே பள்ளியோடு வரவழைத்து, சிறு பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். அப்போது அவருக்கு 24 வயது. ஜெர்மனியில் இறையியல் படித்து, அருட்பொழிவு பெற்று வந்தவர். தரையில் உட்காருவது அவருக்குத் தாழ்வாகத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டே, 1707இல், அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கப்பட்டது. மணலில் விரல் வைத்த அந்த மனமும் பெண் பிள்ளைகளுக்குக் கதவு திறந்த மனமும் ஒன்றே என்று நான் நினைக்கிறேன்.

இனி எழும்பூருக்கு வருவோம். 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை விடுதி ஒன்று தொடங்கப்பட்டது. கம்பெனிப் படையில் இருந்த ஐரோப்பியருக்கு இந்நாட்டுப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகளே அங்கே மிகுதி. அதை மேற்பார்வையிட்டவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுக் குருவானவர். ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர். தென்னிந்தியத் திருச்சபையாகிய நாம் உரிமை கொண்டாடும் மரபுகளுள் ஒன்றுக்குச் சொந்தக்காரர். விடுதியில் ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆனால் அரிச்சுவடி வகுப்புப் பிள்ளைகள் மாதக்கணக்கில் எழுத்து பிடிபடாமல் திணறினார்கள்.

ஒரு நாள் காலை பெல் குதிரையில் உலாப் போனபோது வழியில் ஒரு திண்ணைப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடித்துவிட்டேன் என்று கூவும் மகிழ்ச்சியோடு திரும்பினாராம். உடனே அரிச்சுவடி வகுப்பின் உதவி ஆசிரியரை அழைத்து, இனி எழுத்தை மணலில் சொல்லிக்கொடுங்கள் என்றார்.

அங்கேதான் கதை நின்றது. உதவி ஆசிரியருக்கு அதில் மனமில்லை. கட்டளையை அலட்சியப்படுத்தினார், மீண்டும் வற்புறுத்தப்பட்டபோது, இம்முறையில் எழுத்துக் கற்பிக்கவே இயலாது என்று சொல்லிவிட்டார். சற்று யோசித்துப் பாருங்கள். அவர் 'இயலாது' என்று சொன்ன காரியம் அதே ஊரில், கூப்பிடு தூரத்தில், தினமும் நடந்துகொண்டிருந்தது. அவருடைய மனத்துக்குள் என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. உள்ளூர்ப் பிள்ளைகள் புழுதியில் செய்வதை நான் செய்வதா என்ற எண்ணமாக இருக்கலாம். படித்துப் பட்டம் பெற்று, ஒரு காரியத்தை நெடுங்காலம் ஒரே விதமாகச் செய்து பழகிய எனக்கும் அந்த மனம் உண்டு. ஆகவே அவர்மேல் கல்லெறிய எனக்குத் துணிவில்லை.

பெல் வாதாடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் சிறுவனைக் கூப்பிட்டார். சாதாரணப் படைவீரன் ஒருவனின் மகன், எட்டு வயது. இனி இந்த வகுப்பு உன் பொறுப்பு என்றார். இயலாது என்று பெரியவர் கைவிட்டதைப் பையன் செய்து முடித்தான். அவன் புதிய வித்தை எதையும் கொண்டுவரவில்லை. அதே மணல், அதே பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளால் கற்க முடியும் என்று அவன் நம்பினான். நேற்றுவரை தானும் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவன் அல்லவா? அதன்பின் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளே பிள்ளைகளுக்கு ஆசிரியர்களானார்கள். சட்டாம்பிள்ளை முறை அனாதை விடுதிக்குள் குடியேறிற்று.

1796இல் பெல் நாடு திரும்பினார். அடுத்த ஆண்டு இலண்டனில் ஒரு சிறு நூலாக இந்தச் சோதனையின் விவரத்தை வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' என்ற பெயரால் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், பெல் விட்டுச்சென்ற பணத்தால் நிறுவப்பட்ட பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றுதான் பெயர். நம் ஊர் மணல் அவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டனின் பரோ ரோடு பகுதியில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திவந்தார். அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். அவரும் மணல் பலகையையும் கற்பலகையையும் சட்டாம்பிள்ளைகளையும் கொண்டு ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பித்தார். கருவியும் ஒன்று, முறையும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் இவ்விருவர் பெயரால் இங்கிலாந்து இரண்டாகப் பிரிந்து பல ஆண்டுகள் சண்டையிட்டது. யார் முதலில் கண்டுபிடித்தார் என்பது மேலுக்குத் தெரிந்த சண்டை. முதலில் கண்டுபிடித்த நம் திண்ணை ஆசான்களை எவரும் கேட்கவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். உள்ளே இருந்தது வேறு. திருச்சபையின் ஞானோபதேசத்தைக் கற்பிக்காத பள்ளி ஆபத்தானது என்று பெல்லின் பக்கம் நின்றவர்கள் கருதினார்கள். எந்தச் சபைப் பிள்ளையானாலும் வரலாம், வேதத்தை வாசிக்கட்டும், குறிப்பிட்ட சபையின் போதனையைத் திணிக்கமாட்டோம் என்றார் லங்காஸ்டர். 1811இல் பெல்லின் முறைக்காக ஆங்கிலிக்கன் திருச்சபையினர் ஒரு சங்கம் அமைத்தனர். லங்காஸ்டரின் ஆதரவாளர்கள் தங்களுக்கென ஒன்றை வைத்துக்கொண்டனர்.

இதில் நம் பக்கத்தாரை மட்டும் நல்லவராகக் காட்ட எனக்கு வழியில்லை. பெல் பிள்ளைகளை அடிப்பதை வெறுத்தவர். குற்றங்களை ஒரு கறுப்புப் புத்தகத்தில் குறித்து வைத்து, பிள்ளைகளே நடுவர்களாக அமர்ந்து தீர்ப்புச் சொல்லும்படி செய்தார். எட்டு வயதுப் பையனை நம்பி வகுப்பை ஒப்படைத்த மனத்துக்கு அது இசைவானதே. ஆனால் அதே பெல், ஏழைகளின் பிள்ளைகள் எல்லாருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டியதில்லை, அதிகப் படிப்பு அவர்களைத் தங்கள் நிலையில் மனநிறைவு அற்றவர்களாக்கிவிடும் என்று எழுதவும் செய்தார். எழுதக் கற்றுக்கொடுக்கும் கருவியைக் கடலுக்கு அப்பால் கொண்டுபோனவர், ஏழைக்கு வாசிப்பு போதும் என்று எல்லை கீறினார்! அதற்கு மாறாக லங்காஸ்டர், ஏழைப் பிள்ளை எவ்வளவு கற்க முடியுமோ அவ்வளவும் கற்கட்டும் என்றார். ஆனால் அவருடைய பள்ளியில் தவறு செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டை தொங்கவிடப்பட்டது. கால்கள் கட்டையால் பிணைக்கப்பட்டன. சில வேளை பிள்ளையைக் கூடையில் வைத்து, எல்லாரும் பார்த்துச் சிரிக்கும்படி கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். பிரம்பு கூடாது என்பது அவருடைய கொள்கை. அவமானம் கூடாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. நம் திண்ணையின் கோதண்டமும் இலண்டனின் கூடையும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே உத்தரத்தைத் தேடிப் போயிருக்கின்றன.

பெல் 1832இல் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். லங்காஸ்டர் கடனிலும் மனத்தாங்கலிலும் நாடுவிட்டு நாடு அலைந்து, 1838இல் நியூயார்க் நகரில் வண்டி மோதி இறந்தார்.

இம்முறை இந்தியாவுக்கு 'ஆங்கில முறை'யாகத் திரும்பி வந்தது. 1814இல் வங்காளத்தின் சின்சுராவில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த ராபர்ட் மே இம்முறையில் பள்ளிகளைத் தொடங்கினார். திண்ணையிலிருந்து போனதைத் திண்ணைக்கே திருப்பிக் கற்பித்தார்கள்! 1823இல் பெல்லாரி கலெக்டராயிருந்த கேம்பெல், இந்நாட்டுப் பள்ளிகளின் சிக்கனமும் மூத்தவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையும் இங்கிலாந்து பின்பற்றத்தக்கவையாக இருந்தன என்று அரசுக்கு எழுதினார். அந்த அளவு நேர்மையாவது இருந்ததே என்று மகிழலாம்.

அதே இலண்டன் மிஷன்தான் நம் பகுதிக்கும் வந்தது. வேதமாணிக்கம் அவர்களின் அழைப்பினால் ரிங்கல்தௌபே ஐயர் 1806இல் மயிலாடிக்கு வந்ததும், அங்கே ஆலயமும் பள்ளியும் எழுந்ததும் நாம் ஆண்டுதோறும் நினைவுகூரும் செய்திகள். 1818இல் வந்த மீட் ஐயர் நாகர்கோவிலை மையமாக்கினார். 1819இல் அங்கே செமினரி தொடங்கிற்று. அதுவே பின்னாளில், 1893இல், ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1819ஆம் ஆண்டின் இறுதியில் மால்ட் ஐயரும் அவருடைய மனைவி மார்த்தா அம்மையாரும் வந்து சேர்ந்தனர். அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் நாகர்கோவிலில் ஓர் அச்சகம் நிறுவப்பட்டது. திருவிதாங்கூரின் முதல் அச்சகங்களுள் அது ஒன்று.

அச்சிட்ட புத்தகம் அன்றைக்கு என்ன பொருள்பட்டது என்பதை இன்று நாம் எளிதில் உணரமாட்டோம். ஏடு ஆசானிடம் இருக்கும். ஆசான் சொல்லச் சொல்லப் பிள்ளை மனனம் செய்யும். ஆசான் யாருக்குச் சொல்கிறாரோ அவனுக்கு மட்டுமே பாடம். அச்சிட்ட புத்தகமோ பிள்ளையோடு வீட்டுக்குப் போகும். பனையேறிவிட்டு வந்த தகப்பன் முன்னால் மகள் அதை விரித்து வாசிப்பாள். ஒரு சிறு பெண்ணின் வாயிலிருந்து வேதவசனம் ஒலித்த முதல் இரவு அந்த ஓலைக் குடிசையில் எப்படி இருந்திருக்கும்!

ஆனால் அச்சகம் தானாக அதைச் செய்துவிடவில்லை. அச்சு இயந்திரத்துக்குச் சாதி தெரியாது என்பது உண்மையே, இரக்கமும் தெரியாது. யாருக்காக அச்சிடுவது, யார் கையில் கொடுப்பது என்பதை அங்கே இருந்த மனிதர்கள் முடிவு செய்தார்கள். அரசு அக்காலத்தில் கல்வியில் அக்கறை காட்டாமல் இல்லை. கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817இலேயே ஆணையிட்டார். சுவாதித் திருநாள் மகாராஜா நாகர்கோவில் செமினரியைக் கண்டு மகிழ்ந்து, அங்கே ஆசிரியராயிருந்த ஜான் ராபர்ட்ஸை 1834இல் திருவனந்தபுரத்துக்கு அழைத்தார். அங்கே தோன்றிய ஆங்கிலப் பள்ளியே பல்கலைக்கழகக் கல்லூரியின் வேர். நாகர்கோவிலின் கருவியும் முறையும் ஆசிரியரும் தலைநகருக்குப் போயின. ஆனால் அடிமைச் சாதியாரின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியின் வாசல் திறக்க அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் ஆயின. நம் எல்லைக்குச் சற்று அப்பால், ஊரூட்டம்பலத்தில், அய்யன்காளி அவர்கள் பஞ்சமி என்ற சிறுமியைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றதும், அவள் உட்கார்ந்த காரணத்துக்காகப் பள்ளிக்கூடத்துக்கே தீ வைக்கப்பட்டதும் 20ஆம் நூற்றாண்டில் நடந்தவை. ஒரு பெஞ்சுகூட வகுப்பறைக் கருவிதான்.

மார்த்தா அம்மையாரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அவர் நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். வாசிப்போடு ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார். திண்டின் மேல் ஊசிகளை நட்டு, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் ஐரோப்பியக் கைத்தொழில் அது. சீமாட்டிகளின் பொழுதுபோக்காகவோ பள்ளிக்கு வருமானமாகவோ மட்டும் அது இங்கே நின்றிருக்கலாம். அவருடைய பள்ளியிலோ அடிமைப் பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். தாங்கள் பின்னிய ரேந்தையின் கூலியைக் கொண்டு தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினவர்கள் அவர்களில் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். இந்தப் பிள்ளைகள் அதற்கு முன்பே தங்கள் விரல்களால் அந்தச் சங்கிலியை அவிழ்த்தார்கள். மார்த்தா அம்மையாரின் மகள் எலைசா நாகர்கோவிலில் பிறந்தவர். 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போனபோது பெண்கள் பள்ளியையும் ரேந்தையையும் உடன்கொண்டு போனார்.

நம் முன்னோர் எல்லாரும் இதே மனத்தோடு இருந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். உண்மை அப்படி இல்லை. தோளில் துணி அணிந்ததற்காக நம் பெண்கள் அடிபட்டார்கள். ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. 1859ஆம் ஆண்டின் அரசாணை வரும்வரை அந்தப் போராட்டம் நீண்டது. அவ்வளவு பட்டவர்களிலேயே சிலர், தங்களைவிடத் தாழ்த்தப்பட்டிருந்த புலையர், பறையர் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்காருவதற்கு மனம் ஒப்பவில்லை. மிஷனெரிகள் விட்டுச்சென்ற எழுத்துகளிலேயே இந்தத் துயரம் பதிவாகியிருக்கிறது. புத்தகம் கைக்கு வந்துவிட்டது. பாய் இன்னும் அகலவில்லை. மிஷன் வரலாற்றைப் பண்டிகை நாளில் மட்டும் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிடுகிறோம்.

திரைக்கு வருவோம். 1913இல் அமெரிக்காவில் தாமஸ் எடிசன், திரைப்படம் வந்துவிட்டதால் பள்ளிகளில் புத்தகம் விரைவில் வழக்கொழிந்துவிடும் என்றார். வழக்கொழியவில்லை. லாரி கியூபன் என்ற கல்வி வரலாற்றாசிரியர், திரைப்படமும் வானொலியும் தொலைக்காட்சியும் அமெரிக்க வகுப்பறைகளுக்குள் வந்த கதையை 1986இல் ஒரு நூலாக எழுதினார். ஒவ்வொரு முறையும் கருவி பெரிய வாக்குறுதிகளோடு வந்தது. ஒவ்வொரு முறையும் ஆசிரியர்கள் தங்கள் பணியைப் பற்றிய தங்கள் சொந்த நம்பிக்கைக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொண்டு மற்றதை ஓரமாக வைத்தார்கள் என்பது அந்நூலில் காணும் செய்தி. எழும்பூர் உதவி ஆசிரியரை அவர் அறிந்திருந்தால் முதல் அத்தியாயத்தில் சேர்த்திருப்பாரோ என்னவோ.

நம் மாநிலத்தில் 2011இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி, 2018இல் பாடநூல்களில் க்யூஆர் குறியீடு, 2019இல் கல்வித் தொலைக்காட்சி எனக் கருவிகள் அடுத்தடுத்து வந்தன. 2020 மார்ச்சில் பள்ளிகள் அடைக்கப்பட்டபோது கைப்பேசியே பள்ளிக்கூடமாயிற்று. அந்நாள்களில் நான் செய்த தவறு ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். சபையில் சிலருக்கு அது தெரியும்.

திடப்படுத்தல் வகுப்பை நான் வாட்ஸ்அப் வழியாக நடத்தினேன். பாடத்தை ஒலிப்பதிவு செய்து காலை பத்து மணிக்கு அனுப்புவேன். செய்திக்குக் கீழே நீலக் குறிகள் விழும். வகுப்பு நடந்துவிட்டது என்று மனநிறைவு அடைவேன். மூன்று பிள்ளைகளிடமிருந்து வாரக்கணக்கில் ஒரு பதிலும் இல்லை. வருகைப் பதிவில் அவர்களுக்கு எதிரே 'அக்கறையில்லை' என்று என் கையால் எழுதினேன். இருவர் வீட்டில் ஒரே கைப்பேசி. ரப்பர் பால் வெட்டப் போகும் தகப்பன் விடியுமுன் அதைக் கொண்டுபோய்விடுவார். மூன்றாவது பிள்ளையின் வீட்டில் ரீசார்ஜ் செய்யப் பணமில்லை. இது எனக்கு எப்படித் தெரியவந்தது? மேலே சொன்ன அதே டீச்சர், நான் அனுப்பிய அதே ஒலிப்பதிவைத் தம் கைப்பேசியில் வைத்து, மூன்று பேரையும் மாலையில் தம் வீட்டுத் திண்ணையில் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டி, கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாலை அவ்வழியாகப் போன நான் என் குரல் அங்கிருந்து ஒலிப்பதைக் கேட்டு நின்றேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "வாங்க ஐயா, ஐந்தாம் கற்பனையில் பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம்" என்றார். வீட்டுக்கு வந்து அந்தப் பதிவேட்டை எடுத்து, நான் எழுதியதை அடித்தேன். ஓலையில் கீறியதுபோல் அது இன்னும் தெரிகிறது.

பின்னர், 2021 அக்டோபரில், அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருக்களுக்கும் வீட்டு முற்றங்களுக்கும் அனுப்பியது. டீச்சர் அதற்குக் காத்திருக்கவில்லை.

நம் ஆண்டவர் எழுதினார் என்று சுவிசேஷங்களில் சொல்லப்படும் இடம் ஒன்றே ஒன்று. யோவான் 8ஆம் அதிகாரம். பழைய கைப்பிரதிகள் சிலவற்றில் அப்பகுதி இல்லை என்பதை இறையியல் கல்லூரியில் படித்தேன். ஆனாலும் திருச்சபை அதைக் கைவிடவில்லை. ஒரு பெண்ணை நடுவே நிறுத்தி, நியாயப்பிரமாணத்தைக் கையில் ஏந்தியவர்கள் சுற்றி நின்றார்கள். எழுத்தறிந்தவர்கள் அவர்கள். அதே எழுத்தைக் கல்லாக்கி எறிய வந்திருந்தார்கள். அவரோ குனிந்தார், தரையில், விரலால் எழுதினார். என்ன எழுதினார் என்பதைப் பற்றி எவ்வளவோ பிரசங்கங்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். இந்த வாரம் என் கண் எழுத்தின்மேல் நிற்கவில்லை. எல்லாரும் நின்றுகொண்டிருந்த இடத்தில் அவர் ஒருவரே குனிந்திருந்தார் என்பதில் நிற்கிறது.

தொடுதிரைப் பலகை வாங்குவதென்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. வருகிற மாதம் ஓய்வுநாள் பாடசாலை அறையில் பொருத்துவார்கள். ரிமோட்டும் சாவியும் பாலர் வகுப்பு டீச்சரிடம் இருக்கும். முதல் ஞாயிறு திறப்பு ஜெபத்துக்குப் பின் யார் அதைத் தொட்டுத் தொடங்கிவைப்பது என்று செயலர் கேட்டார். சேகரத் தலைவரை அழைக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. புதிதாக நம் சபைக்கு வந்திருக்கும், இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத, செங்கல் சூளைக் குடும்பத்துச் சிறுமியின் பெயரை டீச்சர் சொன்னார். அன்று காலை எட்டரை மணிக்குப் பெற்றோரும் பிள்ளைகளும் வந்துவிடுங்கள்.